டிப்பர் இடித்த டிடிக்குப் பதில் எந்தக் கார்?

கேள்வி: அண்ணா, வணக்கம். வடவள்ளியில் வீடு, கணபதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப். ஆறு வருடம் முன்பு 2012 மாடல் ஆடி டிடி ஒன்றை 38,000 கிலோமீட்டரில் வாங்கினேன். தினமும் அதில்தான் வேலைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி அல்லது வால்பாறை. மீட்டர் சரியாக ஒரு லட்சம் தொட்ட வாரத்தில், சிக்னலில் நின்றிருந்தபோது டிப்பர் லாரி பின்னால் இடித்து, கார் டோட்டல் லாஸ். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸ் பணமும் கையிருப்பும் சேர்த்து 50 லட்சம் வரை போகலாம். பார்த்து வைத்திருப்பவை மூன்று: டெல்லியில் 2013 போர்ஷே பாக்ஸ்டர் 42 லட்சம், பெங்களூரில் 2017 ஃபோர்டு மஸ்டாங் 45 லட்சம், சென்னையில் 2021 பிஎம்டபிள்யூ எம்340ஐ, 51 சொல்கிறார்கள். வீட்டில் இனோவா இருக்கிறது. மகனுக்கு எட்டு வயது. எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம். டிப்பர் ஏறியும் நீங்கள் முழுசாக உட்கார்ந்து அடுத்த காரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அந்த டிடி தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நாலு பத்தி மலையைப் பற்றி, கோத்தகிரி வளைவில் கார் எப்படித் திரும்பியது, ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது சத்தம் எப்படி இருந்தது என்று ரசித்து எழுதியிருக்கிறீர்கள், வேலைக்குப் போவது மட்டும் ஒரே வரி. ஆனால் மீட்டர் வேறு கதை சொல்கிறது. வடவள்ளியிலிருந்து கணபதி போக வர 26 கிலோமீட்டர் வையுங்கள், வருடத்துக்கு 290 நாள், ஆறு வருடம். பெருக்கினால் 45,000 சொச்சம். நீங்கள் ஓட்டிய மொத்தம் 62,000. மீதி 17,000தான் மலையும் மற்றதும், வருடத்துக்கு மூவாயிரம்கூட வரவில்லை. அதாவது காரில் நீங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் பெரும்பகுதி லாலி ரோடு சந்திப்பு மாதிரி இடங்களில் நெரிசல் கலையக் காத்திருந்த நேரம். 22 வருடமாகச் சென்னையில் இந்த மாதிரிக் கார்களைப் பழுது பார்க்கிறேன், மற்றவர்கள் வாங்கும் முன் போய்ப் பார்த்தும் தருகிறேன், என்னிடம் வரும் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை அழுகிறவர்கள்தான். அதனால் உங்கள் மூன்று கார்களையும் முதலில் திங்கட்கிழமை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மஸ்டாங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேண்டாம். கெட்ட கார் என்று சொல்லவில்லை, 5 லிட்டர் வி8 எஞ்சின், இந்தியாவுக்கு வந்ததில் 401 குதிரைத்திறன், காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துவிடும். ஆனால் அகலம் 1.9 மீட்டருக்கு மேல், கண்ணாடியைச் சேர்க்காமலே. மருதமலை ரோட்டில் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும் வாரத்தில் அதை ஓட்டிப் பாருங்கள், இல்லை, பார்க்க வேண்டாம். நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம், வேலைக்குப் போய் வர மட்டும் தினம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது, சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னார்கள், இங்கேயே செய்த ஃபிகோவுக்கு அது சரி. முழுதாக இறக்குமதியாகி வந்த மஸ்டாங்குக்கு ஒரு பம்பரோ ஹெட்லைட்டோ தேவைப்பட்டால் நீங்கள் காத்திருப்பது மாதக் கணக்கில். தினமும் ஓட்டுகிற காருக்கு அது சரிவராது.

பாக்ஸ்டர் விஷயம் அப்படி ஒரே வார்த்தையில் முடியாது, ஏனென்றால் மூன்றில் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான். 2013 என்றால் 981 தலைமுறை. எஞ்சின் நடுவில், இருக்கைக்குப் பின்னால். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர் படுக்கை எஞ்சின், 265 குதிரைத்திறன், டர்போ கிடையாது. பழைய பாக்ஸ்டர்களில் நடுத்தண்டு பேரிங் போய் எஞ்சினே போகும் என்ற பயம் உண்டே, அது இந்தத் தலைமுறையில் இல்லை, அந்தப் பாகமே இந்த எஞ்சினில் கிடையாது. எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி, பலருக்கு இது தெரியாது, இரண்டு பேர் மூன்று நாள் ஊட்டிக்குப் போகும் சாமான் தாராளமாக அடங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முழுக் காரும் உங்கள் இடுப்பைச் சுற்றித் திரும்புவது போல இருக்கும், கோத்தகிரி ரோட்டுக்கென்றே செய்தது மாதிரி.

அப்புறம் ஏன் தயங்குகிறேன்? முதலில் டெல்லி. அங்கே கார் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் விற்கிறவரின் நல்ல மனசு இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவிலிருந்து தலைநகர்ப் பகுதியில் டீசல் கார் 10 வருடம், பெட்ரோல் கார் 15 வருடம் என்ற கத்தி தொங்கிக்கொண்டே இருக்கிறது, நீதிமன்றத்தில் அது அவ்வப்போது ஏறி இறங்கினாலும் விற்கிறவர்கள் பயம் போகவில்லை, அதனால் 12 வயது தாண்டிய காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்தத் தடை இல்லை என்றாலும் 2028ல் இந்தக் காருக்கு 15 வயது முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்க ஆர்டிஓ முன் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் டெல்லி ஆர்டிஓவில் என்ஓசி, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி. புதுக் காருக்கு 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்று 2023 நவம்பரில் ஏற்றினார்கள், பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனால் எந்த விலையை வைத்துக் கணக்கிடுவார்கள் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கோவை ஆர்டிஓவில் போய்க் கேளுங்கள். நீங்கள் கொடுத்த 42க்குத்தான் வரி என்று நினைத்துக்கொண்டு வாங்கி, பிறகு என் கடையில் வந்து தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதோடு லாரியில் ஏற்றி வரும் செலவு, போர்ஷேவுக்கென்று முத்திரை குத்திய நாலு டயர், வாங்கியதும் ஒரு பெரிய சர்வீஸ். உங்களுக்குப் பக்கத்து போர்ஷே சென்டர் கொச்சி, இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 42 என்று தொடங்கியது 50ஐத் தாண்டாமல் வீடு வந்து சேராது, கையில் ஒரு ரூபாய் மிச்சம் இருக்காது. பழைய விலையுயர்ந்த கார் வாங்குகிறவர் விலையில் ஆறில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கென்று தனியாக வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. அது இல்லாவிட்டால் கார் வீட்டில் நிற்கும், நீங்கள் ஆட்டோவில் போவீர்கள்.

இன்னொன்று கூரை. நானும் பல வருடம் முன்பு ஆசைப்பட்டு ஒரு இரண்டு சீட் திறந்த கார் வாங்கினேன், எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, அதன் மேல் தப்பும் இல்லை. பதினான்கு மாதம் வைத்திருந்தேன், எத்தனை தடவை கூரையைத் திறந்தேன் தெரியுமா, ஒன்பது தடவை. அதில் மூன்று தடவை யாருக்கோ காட்டுவதற்காக. காலை பத்து மணிக்கு மேல் வெயில், சாயங்காலம் தூசியும் பஸ் புகையும், மீதி நாள் மழை. கோவை சென்னை அளவுக்கு மோசமில்லை, மார்கழிக் காலையில் சிறுவாணி ரோட்டில் கூரையைத் திறந்து போனால் சொர்க்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். மார்கழி ஒரு மாதம்தானே. அப்புறம், பாக்ஸ்டரில் இரண்டு சீட். டிடியில் பின்னால் குந்தி வந்த உங்கள் மகன் முன்னால் உட்காருவான், சரி, அவன் அம்மா? ஞாயிற்றுக்கிழமை மலைக்கு மூன்று பேராகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் என்றால் இனோவாவில் போவீர்கள், பாக்ஸ்டர் ஷெட்டில் நிற்கும். மலைக்கென்று வாங்கிய கார் மலைக்கே போகாது.

எம்340ஐ. உங்கள் பட்டியலில் நல்ல கார் இதுதான், சந்தேகமே இல்லை, உங்கள் கையில் 60 இருந்திருந்தால் கடிதத்தை இந்த இடத்தில் முடித்திருப்பேன். 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ, 387 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் சக்தி, நாலு கதவு, நூறைத் தொட 4.4 நொடி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் நம் ஊர் ஆட்கள் பூட்டிய கார். கோவையிலேயே சர்வீஸ் சென்டர் உண்டு. சாதாரணமாக ஓட்டினால் சாதுவான 3 சீரிஸ், மிதித்தால் வேறு மிருகம்.

ஆனால் 51க்குக் கிடைக்கிற 2021 கார் எந்த மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். இந்த எஞ்சின் சாஃப்ட்வேர் மாற்றுவதற்குப் பேர் போனது. முந்தைய முதலாளி வாங்கிய மூன்றாம் மாதமே லேப்டாப்பைச் சொருகி சக்தியை ஏற்றி, இரண்டு வருடம் ஓட்டித் தீர்த்து, விற்கும் முன் பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டிருப்பார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சரியான ஸ்கேனர் இருந்தால் எத்தனை தடவை எழுதி அழித்தார்கள் என்ற தடயம் பல சமயம் மாட்டும். விற்கிறவர் ஸ்கேன் செய்ய விட மாட்டேன் என்றால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது, சென்னைக் கார், 2021 மாடல் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை அது எங்கே நின்று பார்த்தது என்று கேட்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறார்கள், படத்தில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016ல் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு ஜெர்மன் செடான் பார்க்கப் போனேன். தோல் சீட் பளபள, பெயின்ட் பளபள, டேஷ்போர்டில் சந்தன வாசனைக்கு ஏதோ வைத்திருந்தார்கள், அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. பெல்ட்டை யாரும் அந்த அளவு இழுத்துக் கழுவ மாட்டார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள், முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள், டிக்கியில் தரைப் பலகையைத் தூக்கி அடியில் விரலால் தடவுங்கள், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர் முனைகளில் பச்சைப் பாசி போலப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பத்திரத்தைக் கேளுங்கள், நோ கிளெய்ம் போனஸ் ஏதோ ஒரு வருடம் திடீரென்று பூஜ்யத்துக்குப் போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர் குடித்த கார் முதல் வருடம் நன்றாகத்தான் ஓடும், இரண்டாம் வருடம்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டராக மண்டையைப் போடும்.

இதில் எதிலும் மாட்டாத, ஒரே முதலாளி, முழு சர்வீஸ் ஹிஸ்டரி உள்ள எம்340ஐ 51க்குக் கிடைத்தால் பேரம் பேசாமல்கூட வாங்குங்கள். இல்லை, பேசுங்கள். 2021 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம், அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போனதால் பழைய கார் விற்கிறவர்கள் “புதுசு எண்பது, தொண்ணூறு” என்று கணக்குச் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் எடுக்கப்பட்டு ஜிஎஸ்டி 40 சதவீதத்தில் நின்றதில் புதுக் கார் விலை இறங்கியிருக்கிறது, அவர் சொல்லும் ‘புது விலை’ எந்தத் தேதியுடையது என்று கேட்டாலே பாதி பேரம் முடிந்த மாதிரி.

சரி, மூன்றும் இல்லை என்றால் எது? உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். 2020ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245.

முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது, டிடி வைத்திருந்தவனிடம் ஆக்டேவியாவா என்று. ஆனால் போனெட்டைத் திறந்து பாருங்கள், உங்கள் டிடியில் இருந்த 2 லிட்டர் எஞ்சினின் அடுத்த தலைமுறைதான் அங்கே உட்கார்ந்திருக்கும், ஒரே குடும்பம். டிடி 211 குதிரைத்திறன், இது 245. நூறுக்கு 6.6 நொடி. பின் கதவு முழுசாகக் கண்ணாடியோடு மேலே திறக்கும், அதில் உங்கள் ஒர்க்‌ஷாப்பின் இம்பெல்லர் பெட்டிகள் நாலைந்து போகும், பின் சீட்டில் மகன் காலேஜ் போகிற வரை தலை இடிக்காமல் உட்காருவான். முன் சக்கரம் இழுக்கிற கார்தான், டிடியின் நாலு சக்கர இழுவை இதில் கிடையாது, வால்பாறையில் மழையில் வித்தியாசம் தெரியும். ஆனால் முன் அச்சில் எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக் வைத்திருக்கிறார்கள், கொண்டை ஊசியில் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழன்று புகைக்காமல் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சக்தி போகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியரில் உள்ளே போய் வெளியே வரும்போது இந்தக் கார் என்ன செய்கிறது என்று பாருங்கள். 387 குதிரையை அங்கே எங்கே கட்டுவீர்கள்?

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கு வந்தது மொத்தம் 200தான், அதனால் தேட வேண்டும், மூன்று மாதம் ஆகலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி டிடியைவிட இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளம், வேகத்தடையில் வயிறு தட்டும் வாய்ப்பு அந்த அளவுக்கு அதிகம். விதிப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அப்படி இருந்தால் எந்தக் காரும் தட்டாது. நம் தெருக்களில் கவுன்சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற வேகத்தடை எந்த விதிக்கும் கட்டுப்படாதே. அதனால் உங்கள் வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வரை எத்தனை வேகத்தடை மோசம் என்று ஒரு நாள் ஸ்கூட்டரில் போய்க் குறித்துக்கொள்ளுங்கள், காரை எடுக்கும் முன் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு அதே மாதிரி ஒன்றில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயர் 225க்கு 40, அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒன்பது சென்டிமீட்டர் ரப்பர். குழியில் வேகமாக இறங்கினால் பக்கத்தில் கொப்புளம் வரும், ஒரு டயரும் ரிம்மும் ஸ்பேர் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் நான் பார்ப்பேன். தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும், இந்த எஞ்சின் குடும்பத்தில் அது கசிவது ஊரறிந்த விஷயம், கூலன்ட் காய்ந்து வெள்ளைத் தடம் விட்டிருக்கிறதா என்று எஞ்சின் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயில் ஊறும் ஈர கிளட்ச் வகை, நல்லது, டவுன் ஓட்டத்துக்கு உலர் கிளட்ச்சைவிடத் தாங்கும், ஆனால் எண்ணெய் மாற்றிய பில் வேண்டும், “மாற்றியாச்சு சார்” என்ற வாய்வார்த்தை வேண்டாம். மூன்றாவது மீட்டர். டேஷ்போர்டில் இருக்கிற கிலோமீட்டரைக் குறைக்கிறவர் எல்லா கம்ப்யூட்டரிலும் குறைக்க மாட்டார், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பழைய பிழை பதிவான கிலோமீட்டர் அப்படியே இருக்கும். டேஷ்போர்டு 40,000 என்று காட்டும்போது கியர்பாக்ஸ் 71,000ல் எனக்கு ஒரு கோளாறு வந்தது என்று சொன்னால் நீங்கள் யாரை நம்புவீர்கள்?

245 கிடைக்கவே இல்லை என்றால் 2017ல் வந்த ஆர்எஸ் 230ஐயும் பார்க்கலாம், அதே எஞ்சின் கொஞ்சம் குறைந்த சக்தியில், விலையும் இறங்கும். புதுசாகவே வேண்டும் என்றால் 2025 அக்டோபரில் புது ஆர்எஸ் 100 கார் மட்டும் 49.99 லட்சத்துக்கு வந்து முன்பதிவிலேயே தீர்ந்துபோனது, அதே வருடம் மே மாதம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 53 லட்சத்துக்கு வந்தது. இரண்டும் முழு இறக்குமதி, இரண்டுக்கும் மேலே தமிழ்நாட்டு வரி மட்டும் பத்து லட்சம். பத்து லட்சம் என்பது ஐந்தாறு வருட டயர், பிரேக், சர்வீஸ், பெட்ரோல். எனக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு இன்னும் “ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஸ்போர்ட்ஸ் கார்தானே” என்று ஒரு நெருடல் இருக்கும். கோயமுத்தூர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊர் கரிவர்தன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைத்து ஒரு ரேஸ் கார் செய்தார், ஃபார்முலா மாருதி என்று. 800 சிசி. அதில் ஓட்டிப் பழகிய உங்கள் ஊர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் வரை போனார். அந்தக் கரிவர்தன் பேரில்தான் செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெளிக் கார்களை விடுகிற நாளாகப் பார்த்து வருடத்துக்கு மூன்று நாலு தடவை அங்கே போங்கள், நல்ல பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் போட்டுக்கொண்டு. கோத்தகிரி ரோட்டில் எதிரே காய்கறி லாரி வருமோ, காட்டெருமை நிற்குமோ என்று பயந்து பயந்து மிதிப்பதில் கிடைக்காத சுகம் அங்கே கிடைக்கும். நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு, காலையில் எழுந்ததும் தோன்றினால் கிளம்பிவிடுவது பழைய கதை.

இதே யோசனையை இன்னும் கொஞ்சம் இழுத்தால் புது ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, 1.5 டர்போ, 150 குதிரைத்திறன், கையால் கியர் போடுகிற மாடல், எல்லாம் சேர்த்து 25க்குள் வீட்டுக்கு வந்துவிடும், 179 மில்லிமீட்டர் தரை இடைவெளி, வேகத்தடைக் கவலையே கிடையாது, மீதி 25 லட்சம் பேங்கில். புத்தி சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் ஆறு வருடம் 211 குதிரை ஓட்டியவர், ஆறு மாதத்தில் அலுத்து மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள், அதனால் நான் ஆர்எஸ்ஸிலேயே நிற்கிறேன்.

பணக் கணக்கு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நல்ல 245 முப்பதை ஒட்டி அமைந்தால் அதற்கு மேல் ஐந்து லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு முதல் வருடம் தொடாதீர்கள், மிச்சம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மெஷின். வேறு மாநிலக் காராக இருந்தால் பாக்ஸ்டருக்குச் சொன்ன ஆர்டிஓ கதை இதற்கும் பொருந்தும், தமிழ்நாட்டுப் பதிவுக் காருக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தாலும் லாபம். கார் கிடைத்தால் டோக்கன் அட்வான்ஸ் போடும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சர்வீஸ் பில்களையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. டோட்டல் லாஸ் ஆன டிடியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏலத்தில் யாருக்கோ கொடுத்திருக்கும், பணம் வந்துவிட்டது என்று நீங்களும் விட்டிருப்பீர்கள். ஆர்சி இன்னும் உங்கள் பேரில்தான் இருக்கிறதா என்று வாகனப் பதிவுக்கான பரிவாகன் தளத்தில் இன்றைக்கே பாருங்கள். நசுங்கின காரின் ஆர்சியையும் சேஸிஸ் நம்பரையும் வைத்துத் திருட்டுக் காருக்குப் புது ஜாதகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் எந்த ஊர்ப் போலீஸோ உங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கும். பெயர் மாறியிருந்தாலோ பதிவு ரத்தாகியிருந்தாலோ சரி. இல்லை என்றால் எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்துக்கு முத்திரை போட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஆக்டேவியா தேடப் போகலாம்.